சிலோன்காரரா, இந்தியாக்காரரா? மலையகத் தமிழரும் அடையாளமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரியில் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் 'சிலோன்காரர்' வீட்டில், அதாவது இலங்கைத் தோட்டங்களிலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட மலையகத் தமிழர் வீட்டில், பிறந்த பிள்ளைகளுக்குச் சில கேள்விகள் பரம்பரைச் சொத்து மாதிரி வந்து சேரும். பள்ளிக்கூடத்தில் கேட்பார்கள், சாதிச் சான்றிதழ் வாங்கப் போன இடத்தில் கேட்பார்கள், பெண் பார்க்க வந்தவர்களும் கேட்பார்கள். எங்கள் வீட்டுச் சின்னப் பிள்ளைகளும் இப்போது கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில், தெரிந்ததை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

மலையகத் தமிழர் என்றால் யார்?

1820-களில் இருந்து பிரிட்டிஷார் இலங்கையின் மத்திய மலைநாட்டில் காப்பித் தோட்டங்கள் போட்டார்கள். வேலைக்குத் திருச்சி, சேலம், மதுரை, தஞ்சாவூர், இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஆள் கூட்டிப் போனார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடை. காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். பிழைத்துப் போய்ச் சேர்ந்தவர்களின் வாரிசுகள்தான் இன்று நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை, இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் பெரும்பாலும் இருக்கிறார்கள்.

காப்பிக் காலத்தில் பலர் பருவத்துக்குப் போய், பழம் பறித்து முடிந்ததும் ஊர் திரும்பிவிடுவார்கள். 1869-ல் காப்பி இலையில் துரு நோய் கண்டது. அடுத்த இருபது வருஷத்துக்குள் காப்பி படுத்துவிட்டது, அந்த இடத்தில் தேயிலை வந்தது. தேயிலைக்குப் பருவம் கிடையாது, வருஷம் முழுக்கக் கொழுந்து எடுக்க வேண்டும். அதனால் குடும்பம் குடும்பமாகத் தங்கினார்கள், அங்கேயே பிள்ளை பெற்றார்கள், அங்கேயே புதைக்கப்பட்டார்கள். போய்வந்த கூலியாட்கள் ஒரு சமூகமாக மாறியது அப்போதுதான்.

யாழ்ப்பாணத் தமிழரும் இவர்களும் ஒன்றுதானே?

மொழி ஒன்று. வரலாறு வேறு. வடக்கிலும் கிழக்கிலும் இருப்பவர்கள் பல நூற்றாண்டுகளாக அங்கேயே வேர்விட்டவர்கள். தமிழ்நாட்டில் இரண்டு பேரையும் சேர்த்து 'இலங்கைத் தமிழர்' என்று சொல்லிவிடுகிறோம். இலங்கையில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே 1911 முதல் தனித்தனிப் பிரிவு. இலங்கையின் வடக்கில் இருப்பவர்களில் சிலர் மலையகத்தாரைத் 'தோட்டக்காட்டான்' என்று ஏளனமாகச் சொன்னதும் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை.

தோட்டம் கம்பெனிக்குச் சொந்தம், லயமும் கம்பெனிக்குச் சொந்தம். அது எப்படி ஒருவருடைய 'ஊர்' ஆகும்?

நல்ல கேள்வி. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

லயம் என்பது ஒரே தகரக் கூரைக்குக் கீழே வரிசையாகத் தடுத்த அறைகள். குடும்பத்துக்கு ஒரு 'காம்பரா', முன்னால் 'இஸ்தோப்பு' என்கிற சின்னத் திண்ணை. அடுத்த காம்பராவில் யாருக்கு இருமல், எந்தப் பிள்ளை இன்னும் தூங்கவில்லை என்பது சுவர் வழியாகவே தெரியும். தண்ணீருக்கு எல்லோரும் ஒரே பீலிக்கரைக்குத்தான் (ஊற்றுத் தண்ணீர் குழாயில் விழும் இடம்) போக வேண்டும். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நிற்க வேண்டும், யாருக்கு எந்த மலையில் வேலை என்று கணக்கப்பிள்ளை பிரித்துக் கொடுப்பார். வேலைக்குச் சேர்ந்ததை 'பேர் பதிஞ்சாச்சு' என்பார்கள். செக்ரோலில், அதாவது தோட்டத்து ஆள் பதிவேட்டில், பேர் இருந்தால்தான் காம்பரா, அரிசி, மருந்து எல்லாம். பேர் பதியாதவர்களுக்குக் கைக்காசு வேலைதான், அதாவது அன்றாடக் கூலி.

இதெல்லாம் துரை, அதாவது தோட்ட மேனேஜர், தன் வசதிக்குப் போட்ட ஏற்பாடு. ஆட்களை ஒரே இடத்தில் அடைத்து, எண்ணி, வேலை வாங்குவதற்காக. ஆனால் எண்ணப்பட்டவர்கள் ஒருவரை ஒருவர் எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு சாவு விழுந்தால் வீட்டுக்கு ஒருவர் போக வேண்டும் என்று வழக்கம் வந்தது, மரண உதவிச் சங்கம் வந்தது. தோட்டத்துக்கு ஒரு மாரியம்மன் வந்தாள். மாசி மாதம் காமன் கூத்து வந்தது: மன்மதனைச் சிவன் எரித்த கதை. ரதியும் மதனுமாக வேஷம் கட்டுகிறவர்கள் நாள்கணக்கில் விரதம் இருப்பார்கள். பகலில் கொழுந்துக்கூடையும் கவ்வாத்துக் கத்தியுமாக இருந்தவர்கள் ராத்திரியில் ரதியாகவும் மதனாகவும் எமனாகவும் லயத்து வாசலுக்கு வந்து ஆடுவார்கள். துரையின் செக்ரோலில் அந்த மனிதர் ஒரு நம்பர். கூத்தில் அவர் 'அந்த வருஷம் மதன் கட்டினவர்', பேரப்பிள்ளை காலம் வரைக்கும் அந்தப் பெயர் நிற்கும்.

பத்திரத்தில் ஒரு சாண் நிலம் இல்லாதவர்களுக்கு ஊர் என்பது இப்படித்தான் உண்டானது. அதனால்தான் மலையகத்துக்காரர் இரண்டு பேர் எங்கே சந்தித்தாலும் முதல் கேள்வி "நீங்க எந்தத் தோட்டம்?" என்பதாக இருக்கும். அடுத்தது "எந்த டிவிசன்?" (தோட்டத்தின் எந்தப் பிரிவு). அதற்குள் ஒரு சித்தப்பாவோ மச்சானோ கிடைத்துவிடுவார்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். தபால் வீட்டுக்கு வராது, தோட்டத்து ஆபீசுக்கு வரும். லயத்துக்கு நம்பர் உண்டே தவிர வீட்டு முகவரி கிடையாது. தோட்டத்து ஆள் என்ற அளவில்தான் அரசாங்கத்துக்கு உங்களைத் தெரியும். வேலை வாய்ப்புக் கடிதம் கைக்கு வருவதற்குள் நேர்முகத் தேர்வு முடிந்துபோன கதைகள் தோட்டந்தோறும் உண்டு.

கடல் தாண்டியதும் சாதி போய்விட்டதா?

இல்லை. ஊரிலிருந்து ஆள் கூட்டிவந்து வேலை வாங்கிய மேஸ்திரிகளான கங்காணிகள் ஆள் பிடித்ததே சொந்தம், ஊர், சாதி பார்த்துத்தான். ஒரு கங்காணியின் கீழ் வந்த கூட்டம் ஒரே பக்கத்து லயங்களில் குடியேறியது. வந்தவர்களில் பெரும்பகுதி பள்ளர், பறையர், சக்கிலியர். கங்காணிமாரில் பலர் மற்ற சாதிக்காரர்கள்.

ஆனாலும் ஊரில் இருந்த அதே கட்டு அப்படியே இருக்கவில்லை. ஒரே மலையில் பக்கத்து நிரையில் நின்று கொழுந்து எடுக்கிறபோது, ஒரே தராசில் எடை போடுகிறபோது, ஊரில் செல்லுபடியான பல தீண்டாமைகளை அங்கே நடத்திக்காட்ட முடியவில்லை. கல்யாணத்திலும் கோயில் முதல் மரியாதையிலும் சாதி பத்திரமாக உட்கார்ந்திருந்தது. எங்களவர்கள் சிலர் 'எங்கள் தோட்டத்தில் சாதியே கிடையாது' என்று பெருமையாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அவர்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைகளை எடுத்துப் பார்த்தால் போதும்.

1948-ல் என்ன நடந்தது?

இலங்கை பிப்ரவரியில் சுதந்திரம் பெற்றது, அதே வருஷம் 18-ஆம் எண் குடியுரிமைச் சட்டம் வந்தது. நீங்கள் இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. அப்பா இலங்கையில் பிறந்தவர் என்று காட்ட வேண்டும், இல்லையென்றால் தாத்தாவும் பூட்டனும் அங்கே பிறந்ததாகக் காட்ட வேண்டும். லயத்தில் பிறந்தவருக்கு அப்பாவின் பிறப்புச் சான்றிதழ் எங்கேயிருந்து வரும்? பதிவு இருந்தாலும் பெயர் பொருந்தாது. எழுதுகிறவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார், ராமாயி ஒரு தாளில் ராமாயி, இன்னொரு தாளில் ராமையா.

1949-ல் இந்திய, பாகிஸ்தானிய வதிவிடவாசிகளுக்கு என்று இன்னொரு சட்டம் போட்டார்கள். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பம் போனது. கிடைத்தது ஏறக்குறைய 1,34,000 பேருக்கு. அதே 1949-ல் தேர்தல் சட்டத்தைத் திருத்தி, குடியுரிமை இல்லாதவருக்கு ஓட்டு இல்லை என்றாக்கினார்கள். 1947 தேர்தலில் மலையகத்தாரின் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 இடங்களைப் பிடித்திருந்தது. 1952 தேர்தலில் அவர்களுக்கு ஒரு இடம்கூட இல்லை. காரணம் வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

ஓட்டு இல்லை, நாடு இல்லை. அந்தக் காலத்தில் அவர்கள் தங்களை யாரென்று சொல்லிக்கொண்டார்கள்?

சங்கத்துக்காரர் என்று!

வெளியில் இருப்பவர்களுக்கு இது விளங்குவது கொஞ்சம் கஷ்டம். நமக்குத் தொழிற்சங்கம் என்றால் போனஸ் பேச்சுவார்த்தை. அங்கே அது வேறு. இலங்கை இந்தியன் காங்கிரஸ் 1939-ல் தொடங்கியது, அதன் தொழிற்சங்கம் 1950-ல் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. பாராளுமன்றத்துக்கு ஓட்டுப்போட முடியாதவர்கள் தோட்டத் தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள், மாதர் தலைவியைத் தேர்ந்தெடுத்தார்கள். துரையிடம் போய் நிற்பதும், புருஷன் பெண்டாட்டி தகராறைத் தீர்ப்பதும், திருவிழாவுக்கு வரி குறிப்பதும் தலைவர்தான். மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கிற சந்தாவுக்கு ரசீது வைத்திருப்பார்கள். பெயர் அச்சடித்த காகிதம் என்று பலருக்கு அது ஒன்றுதான் இருந்தது.

'எந்தச் சங்கம்?' என்பது ஒருகாலத்தில் 'எந்தக் குலதெய்வம்?' என்பது போலவே கேட்கப்பட்டது. அண்ணன் ஒரு சங்கம், தம்பி ஒரு சங்கம் என்று ஆனால் வீடு இரண்டுபட்டுவிடும். அந்த விசுவாசத்தைத் தலைவர்கள் பலர் தங்கள் பிள்ளைகளுக்கும் பேரன்களுக்கும் சொத்தாக எழுதிக்கொண்டார்கள் என்ற வருத்தமும் எனக்கு உண்டு. ஆனால் சங்கம் மட்டும் இல்லாவிட்டால் அந்த முப்பது வருஷத்தில் இவர்கள் வெறும் செக்ரோல் நம்பர்களாகவே இருந்திருப்பார்கள். தேர்தலில் நின்று மறுபடி ஒரு மலையகத் தலைவர் ஜெயித்தது 1977-ல்தான்: நுவரெலியா – மஸ்கெலியாத் தொகுதியில் சௌமியமூர்த்தி தொண்டமான்.

இந்தியாவுக்கு வந்தவர்கள் விரும்பித்தானே வந்தார்கள்?

சிலர் விரும்பினார்கள். பலர் பயந்தார்கள். பெரும்பாலோரை யாரும் கேட்கவே இல்லை.

1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். நாடற்றவர்கள் மொத்தம் 9,75,000 பேர் என்று கணக்கு. இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மீதி 1,50,000 பேரை 1974-ல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். விண்ணப்பம் போடச் சொன்னபோது, ஒதுக்கிய 3,00,000-ஐ விட மிக அதிகமானவர்கள் இலங்கைக் குடியுரிமையைத்தான் கேட்டார்கள். தாங்கள் எங்கே சேர்ந்தவர்கள் என்று அவர்களே சொன்ன பதில் அது. ஒப்பந்தக் கணக்கில் அந்தப் பதிலுக்கு இடமில்லை.

அண்ணனுக்கு இலங்கை, தம்பிக்கு இந்தியா என்று குடும்பங்கள் பிரிந்தன. மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கே 'அழுகைக் கோச்சி' என்று பெயர் வந்தது. அங்கிருந்து இராமானுஜம் கப்பல், இறங்கினால் இராமேஸ்வரம், அப்புறம் மண்டபம் முகாம். 1984-ல் கப்பல் நின்றது.

'தாயகம் திரும்பியோர்' என்று அரசாங்கமே பெயர் கொடுத்ததே. தாயகம் வரவேற்றதா?

திரும்பி வந்தவர்களில் பெரும்பாலானவர்கள் அதற்கு முன் இந்தியாவைப் பார்த்ததே இல்லை. தாத்தா சொன்ன ஊர்ப் பெயர் ஒன்று இருந்தது: துறையூர், முசிறி, நாமக்கல், இப்படி. கையில் தாயகம் திரும்பியவர் என்று கொடுத்த ஃபேமிலி கார்டும் தகரப் பெட்டியுமாக அந்த ஊருக்குப் போனார்கள். பங்காளிகள் முதல் நாள் அழுதார்கள், கறிச்சோறு போட்டார்கள். நிலம் கேட்டுத்தான் வந்திருக்கிறார்களோ என்ற சந்தேகம் சீக்கிரமே முகத்தில் தெரிய ஆரம்பித்தது. தொழிற்கடனாகக் கொடுத்த சில ஆயிரம் ரூபாயில் கடை வைக்கச் சொன்னார்கள். பரம்பரையாகக் கொழுந்து எடுத்தவர் எங்கே போய்க் கடை வைப்பார்? காசைத் தரகர்கள் தின்றார்கள். கொடைக்கானல் மலையில் கொத்தடிமைகளாகச் சிக்கியவர்களை 1980-களில் மீட்க வேண்டியிருந்தது.

மிச்சம் பேர் மலையைத் தேடி மேலே ஏறினார்கள். இவர்களுக்காகவே 1968-ல் வனத்துறையின் கீழ் தொடங்கிய தேயிலைத் திட்டம் 1976-ல் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாக மாறியது. எல்லோரும் 'டான்டீ' என்பார்கள். கூடலூர், பந்தலூர், சேரம்பாடி, கோத்தகிரி, குன்னூர், வால்பாறை. அங்கே வேலை கிடைக்காதவர்கள் தனியார் தோட்டத்துக்கும் ஊட்டிக் கிழங்குத் தோட்டங்களுக்கும் கூலிக்குப் போனார்கள். கூடலூர்ப் பக்கம் 'செக்‌ஷன் 17' எனப்படும், உரிமை இன்னும் தீராத நிலத்தில் குடிசை போட்டவர்கள் பட்டாவுக்கும் கரண்டுக்கும் இன்னும் அலைகிறார்கள்.

அங்கே இருந்தவரை 'இந்தியாக்காரன்', 'கள்ளத்தோணி'. இங்கே வந்ததும் 'சிலோன்காரன்'. ஆளும் அதே ஆள், கொழுந்து எடுக்கிற கையும் அதே கை.

சுற்றி இருப்பவர்கள் ஒட்டுகிற பெயருக்கு அவ்வளவு பலமா?

உளவியலில் ஹென்றி தாஜ்ஃபெல் என்பவரின் சோதனைகளை இங்கே சொல்லலாம். 1970 வாக்கில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பள்ளிப் பையன்களை ஒன்றுமில்லாத காரணத்துக்காக இரண்டு குழுவாகப் பிரித்தார். திரையில் காட்டிய புள்ளிகளைக் கூட்டி எண்ணினார்களா, குறைத்து எண்ணினார்களா என்பதுதான் காரணம் என்று சொல்லப்பட்டது. தன் குழுவில் யார் இருக்கிறார்கள் என்றுகூட ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் காசு பங்கிடச் சொன்னபோது தன் குழுவுக்குச் சாதகமாகவே பங்கிட்டார்கள்.

தாஜ்ஃபெல் போலந்தில் பிறந்த யூதர். இரண்டாம் உலகப் போரில் பிரெஞ்சுப் படையில் இருந்து ஜெர்மானியரிடம் கைதியானார். யூதர் என்பதை அவர் மறுக்கவில்லை, போலந்துக்காரர் என்பதை மட்டும் மறைத்துப் பிரெஞ்சுக்காரராக நடித்து உயிர் பிழைத்தார். அவர் குடும்பத்தார் கொல்லப்பட்டார்கள். எந்தக் கூட்டத்தில் சேர்த்து எண்ணப்படுகிறோம் என்பது உயிர் போகிற விஷயம் என்று அவருக்குச் சொந்த அனுபவமாகவே தெரிந்திருந்தது. எங்கள் பாட்டிமாருக்கும் தெரிந்திருந்தது. அவர்கள் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதவில்லை, அவ்வளவுதான்.

தமிழ்நாட்டுக்கு வெளியே போனவர்கள்?

கேரளத்தில் புனலூர்ப் பக்கம், கர்நாடகத்தில் சுள்ளியா, புத்தூர்ப் பக்கம் அரசு ரப்பர்த் தோட்டங்களில் குடியேற்றினார்கள். சுள்ளியாவில் பிள்ளைகள் பள்ளியில் கன்னடம், சந்தையில் துளு, வீட்டில் தமிழ். இதுபற்றி எழுதினால் தனியாகவே எழுத வேண்டும்.

இங்கே பிறந்த தலைமுறை தங்களை என்னவென்று சொல்கிறது?

இடத்துக்கு ஏற்றபடி. கோயம்புத்தூர் கம்பெனியில் வேலை பார்க்கிற பையன் 'ஊட்டிங்க' என்பான், கேள்வி அத்தோடு முடியும். கல்யாணப் பேச்சில் 'சிலோன் பக்கம்' என்பதே தகுதியாகிவிடும், ஏனென்றால் பெண் தேடுவதும் பெரும்பாலும் நமக்குள்ளேதான். வீட்டுக்குள் இன்னும் தேத்தண்ணிதான், டீ இல்லை. தேங்காய் துருவிப் போட்ட ரொட்டியும் சம்பலும் ஞாயிற்றுக்கிழமை கட்டாயம். எங்கள் வீட்டில் ஒரு அத்தை ரொட்டி சுடும்போது மட்டும் பேச்சு முழுக்க அந்தப் பக்கத்துப் பேச்சாக மாறிவிடும்: ரயில் கோச்சியாகும், தேயிலை ஃபாக்டரி இஸ்டோராகும். பக்கத்து வீட்டுக்காரர் உள்ளே வந்தால் உடனே இந்தப் பக்கத்துப் பேச்சு. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இதில் பொய் எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. யாரோடு இருக்கிறோமோ அவர்களுக்கு ஏற்ற பாதி வெளியே வருகிறது.

'இந்தியத் தமிழர்' என்பதா, 'மலையகத் தமிழர்' என்பதா?

இலங்கையில் இருப்பவர்களை 'மலையகத் தமிழர்' என்றே சொல்லுங்கள். 'இந்தியத் தமிழர்' என்பது கணக்கெடுப்பு வைத்த பெயர், ஆறு தலைமுறை ஆகியும் விருந்தாளி என்று சொல்கிற பெயர். 2023-ல் இருநூறு ஆண்டு நிறைவை ஒட்டி, முன்னோர் நடந்த வழியிலேயே தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் போனார்கள். சுமார் இரண்டு வாரம் நடந்தார்கள். அவர்கள் அன்று தூக்கிப் பிடித்தது மலையகம் என்ற பெயரைத்தான்.

குடியுரிமைப் பிரச்சினை இப்போது முடிந்துவிட்டதா?

இலங்கையில் சட்டப்படி முடிந்தது. 2003-ல் இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் வந்தது, மீதமிருந்தவர்களும் குடிமக்கள் ஆனார்கள். வீட்டுக்கும் நிலத்துக்குமான போராட்டம் தொடர்கிறது.

தமிழ்நாட்டில் முடியவில்லை. 1977, 1983 கலவரங்களில் மலையகத்தை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய், அங்கிருந்து போருக்குத் தப்பிக் கடல் தாண்டியவர்கள் இன்னமும் முகாம்களில் இருக்கிறார்கள். பூட்டன் திருச்சிக்காரர், பேத்தி திருச்சி முகாமில் அகதி! 2019-ல் இப்படிப்பட்ட 65 பேர் தொடுத்த வழக்கில், அவர்களின் குடியுரிமைக் கோரிக்கையைப் பரிசீலிக்கும்படி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொன்னது.

எங்கள் தாத்தா வேலை பார்த்த தோட்டத்தைக் கண்டுபிடிக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். முதலில் ஃபேமிலி கார்டு, பழைய பாஸ்போர்ட், கடிதக் கட்டு எதுவும் பரணில் கிடக்கிறதா பாருங்கள். அதில் இருக்கிற ஆங்கிலப் பெயர் மட்டும் போதாது. பல தோட்டங்களுக்கு ஆபீஸில் ஒரு பெயர், ஆட்கள் வாயில் வேறு பெயர். வீட்டில் மூத்தவர்கள் இருக்கும்போதே அந்த இரண்டாவது பெயரையும், டிவிசனையும், மேட்டு லயமா பணிய லயமா என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தாத்தாவின் பட்டப்பெயரை விட்டுவிடாதீர்கள். முழுப்பெயர் சொன்னால் யாருக்கும் ஞாபகம் வராது, 'மதன் கட்டுற ராமசாமி' என்றால் வரும்.

அங்கே போனதும் ஆபீசுக்குப் போகாமல் கோயிலுக்கோ தலைவர் வீட்டுக்கோ போங்கள். பாட்டியின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள், கூடக் கொழுந்து எடுத்த கிழவிகள் யாராவது இருப்பார்கள். இளைஞர்கள் நிறையப் பேர் கொழும்பில் கடைகளில் வேலை பார்க்கிறார்கள், அதனால் தீபாவளிக்கோ தோட்டத்துத் திருவிழாவுக்கோ போனால் சொந்தக்காரர்கள் எல்லோரையும் ஒன்றாகப் பார்க்கலாம். தங்க இடம் பார்க்க வேண்டியதில்லை, விடமாட்டார்கள்.